சிலமலை மாமா பதில்கள்: காலி வட்டமும் கறுப்புப் புள்ளியும்

பத்தாம் வகுப்பு மாணவி, சிலமலை
கணக்குப் புத்தகத்தில் ஒரு வரைபடம். எக்ஸ் = 2 வரும் இடத்தில் கோடு அறுந்து நிற்கிறது. கீழே காலி வட்டம், நேர் மேலே கறுப்புப் புள்ளி. எஃப்(2) எவ்வளவு மாமா?

கறுப்புப் புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு. காலி வட்டம் என்பது பஸ் சீட்டில் போட்டு வைத்த துண்டு. துண்டுக்கு யாரும் டிக்கெட் கிழிப்பதில்லை.

அதே மாணவி
அப்புறம் எதற்கு அந்தக் காலி வட்டத்தை வரைகிறார்கள்?

கோடு அங்கே வரை வந்தது என்று காட்டத்தான் தாயி. 1.9, 1.99, 1.999 எல்லாம் கீழ்க்கோட்டுச் சொத்து. 2 மட்டும் அதற்குப் பாத்தியதை இல்லை. வாசல் வரை வந்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போகும் சம்பந்தியைப் பார்த்ததில்லையா?

இல்லத்தரசி, மேலச்சொக்கநாதபுரம்
வரைபடம் கிரைபடமெல்லாம் எனக்குத் தெரியாது. கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டினால் எகிறுகிறதே, ஒரே ஒரு யூனிட்டில் அப்படி என்ன வந்துவிடும்?

233 ரூபாய் வந்துவிடும்.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.25, அதற்கடுத்த 200-க்கு 4.50, கடைசி 100-க்கு 6 ரூபாய். கூட்டினால் 1725. இப்போது ஃபிரிட்ஜ் இன்னும் ஒரு யூனிட் குடிக்கிறது. அந்த யூனிட்டின் விலை 8 ரூபாய்தான். ஆனால் நடுவில் 2.25-க்குக் கொடுத்த 100 யூனிட்டையும் திரும்ப எடுத்து 4.50 போட்டுவிடுவார்கள். அது 225. ஆக பில் 1958.

படமாகப் போட்டால் 500-க்கு மேலே 1725-ல் கறுப்புப் புள்ளி, 1950-ல் காலி வட்டம். பிறகு கட்டணம் ஏறிவிட்டது. கோடு முறிகிற இடம் மட்டும் இன்னமும் 500-தான். வரைபடம் தெரியாது என்றீர்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் அதைத்தானே படித்துப் பெருமூச்சு விடுகிறீர்கள்!

கணக்கப்பிள்ளை, தேனி
வருமான வரியிலும் இந்தத் தாவல் உண்டா மாமா?

இருந்திருக்கும். 2025-26 நிதியாண்டின் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி பூஜ்யம். 12 லட்சத்துப் பத்தாயிரம் என்றால் படிநிலைக் கணக்கில் 61,500 வர வேண்டும். மார்ஜினல் ரிலீஃப் என்று ஒரு சலுகை வைத்து, கூடச் சம்பாதித்த பத்தாயிரத்தை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள் (செஸ் தனி). படிக்கட்டை இடித்துச் சரிவு கட்டியிருக்கிறார்கள். அந்தச் சரிவு முடிகிற வரை சம்பாதிப்பது நீங்கள், பாக்கெட் அவர்களுடையது.

ஏலக்காய் ரகம் பிரிப்பவர், போடி
சல்லடை ஓட்டை 8 எம்.எம். சரியாக 8 எம்.எம். இருக்கிற காய் மேலே நிற்க வேண்டுமா, கீழே விழ வேண்டுமா?

இரண்டும் செய்யாது அக்கா, ஓட்டையில் மாட்டிக்கொள்ளும். புத்தகம் எழுதுகிறவர் "8-ம் அதற்கு மேலும்" என்று ஒரு வார்த்தை போட்டுத் தப்பித்துவிடுவார். உங்களுக்கு அந்த வசதி இல்லை, கட்டைவிரலால்தான் தீர்ப்பு. மேலே எடுத்தால் விற்கிறவர் சிரிப்பார், கீழே அமுக்கினால் வாங்குகிறவர் சிரிப்பார். உங்கள் கூலி இரண்டு பக்கமும் ஒன்றுதான். துண்டு துண்டான சார்புகள் நிறைந்த அந்தக் கொட்டகையில் மாறாச் சார்பு அது ஒன்று.

மறுபடியும் பத்தாம் வகுப்பு மாணவி, சிலமலை
எதற்கு வம்பு என்று இரண்டு முனையிலும் கறுப்புப் புள்ளி வைத்துவிட்டேன். டீச்சர் ஒரு மார்க் குறைத்துவிட்டார். நியாயமா?

ஒரு எக்ஸுக்கு ஒரு மதிப்புதான் இருக்கலாம். ஒரே நிலத்தை இரண்டு பேருக்குக் கிரயம் பண்ணிவிட்டு, ஒரு மார்க்கோடு வெளியே வந்திருக்கிறாய். சந்தோஷப்படு.

லாரி ஓட்டுநர், முந்தல்
போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவு. அந்தக் கோடு ஒரு சார்பா, அண்ணே?

மேலேயிருந்து பார்த்து வரைந்த படமென்றால் இல்லை. குத்தாக ஒரு கோடு இழுங்கள், ரோட்டைப் பல இடத்தில் வெட்டும். குத்துக்கோட்டுச் சோதனையில் ஃபெயில். ஆனால் முந்தலிலிருந்து ஓடிய கிலோமீட்டரைக் கீழ் அச்சிலும், ஏறிய உயரத்தை மேல் அச்சிலும் போடுங்கள். ஒரு கிலோமீட்டர் கல்லுக்கு ஒரே உயரம், ஜோராக பாஸ். ரோடு அதேதான், கேட்ட கேள்விதான் வேறு. அந்தப் படத்தில் எங்கேயாவது காலி வட்டம் தெரிந்தால் யோசிக்காமல் பிரேக்கை மிதியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், போடி
மதுரை – போடி ரயிலை வரைபடமாக வரைந்தால், 2015-ம் ஆண்டுக்கு என்ன மதிப்பு வரும்?

நீங்களே வாத்தியார், வேண்டுமென்றே கேட்கிறீர்கள். மேல் அச்சில் என்ன இருக்கிறது? ஓடிய ரயில்களின் எண்ணிக்கை என்றால் பூஜ்யம். பூஜ்யமும் ஒரு மதிப்புதான், அச்சின்மேலேயே கறுப்புப் புள்ளி வைக்கலாம். டிக்கெட் கட்டணம் என்றால் பூஜ்யம்கூடக் கிடையாது. 2015 அந்தச் சார்பின் மதிப்பகத்திலேயே இல்லை. இலவசம் வேறு, கடையைச் சாத்தியிருப்பது வேறு.

1928-ல் வந்த பாதை. உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போய், 1954-ல்தான் வண்டியைத் திரும்ப விட்டார்கள். அகலப் பாதை போட 2010 கடைசியோடு நிறுத்தியது, போடிக்குத் திரும்பி வந்தது 2023 ஜூன் 15. நம்ம ஊர் ரயிலின் மதிப்பகம் ஒரு பொக்கை வாய், சார். இரண்டு இடத்தில் பல் இல்லை.

ஒரு தாய், ராசிங்காபுரம்
பையனுக்கு நாளை மறுநாள் 5 வயது முடிகிறது. ரயிலில் டிக்கெட் எடுக்க வேண்டுமா?

5 முடியாத வரை ஒன்றும் வேண்டாம். 5 முடிந்த நாளிலிருந்து 12 முடியாத வரை அரை டிக்கெட், தனிப் படுக்கை கேட்டால் முழு டிக்கெட். ஐந்தாவது பிறந்தநாளில் கறுப்புப் புள்ளி மேலே போய்விடுகிறது. நாளைக்கே கிளம்புங்கள். டி.டி.ஆர். வயசு கேட்டால் பையனைப் பேச விடாதீர்கள். அந்த வயதில் எல்லாரும் ஒன்றைக் கூட்டித்தான் சொல்வார்கள்.

கல்லூரி மாணவர், தேனி
மீப்பெரு முழு எண் சார்பில் மைனஸ் 2.5-க்கு மைனஸ் 2 என்று எழுதினேன். தப்பாம்.

தப்புதான். மைனஸ் 3. 1962-ல் கென்னத் ஐவர்சன் இதற்கு ஒரு குறி கொடுத்து 'தரை' என்று பேர் வைத்தார். தரைக்கு இறங்கு என்றால் நீ மாடிக்கு ஏறியிருக்கிறாய். இரண்டரை லட்சம் கடன்காரன் ஒரு படி கீழே இறங்கினால் கடன் இரண்டாகக் குறையுமா, மூன்றாக ஏறுமா?

சிறு விவசாயி, குரங்கணி
ஏலக்காய் விலையைப் பேப்பரில் கோடு போட்டுக் காட்டுகிறார்கள். இரண்டு ஏலத்துக்கு நடுவில் விலை என்ன என்று அந்தக் கோட்டைப் பார்த்துச் சொல்லலாமா?

மின்னணு ஏலத்தில் லாட்டுக்கு லாட்டு ஒரு விலை. ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. புள்ளிகளை இணைத்தது பேப்பர்க்காரர். நடுக்கோட்டு விலைக்கு மூட்டையைக் கொண்டுபோனீர்கள் என்றால், அவரேதான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, அதே பத்தாம் வகுப்பு மாணவி
படம் எக்ஸ் = 6-ல் கறுப்புப் புள்ளியோடு முடிந்துவிட்டது. கேள்வியில் எஃப்(7) கேட்கிறார்கள். கோட்டைக் கொஞ்சம் நீட்டிப் பார்க்கவா?

ஸ்கேலைப் பையில் போடு தாயி. 'வரையறுக்கப்படவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போ. போடியோடு நிற்கிற பஸ்ஸில் ஏறிக்கொண்டு, மூணாறு எப்போ வரும் என்று கண்டக்டரிடம் கேட்டால், அவர் உன்னைப் பார்ப்பாரே ஒரு பார்வை!