ஹிஸ்டாரிக்கா, ஹிஸ்டாரிகலா?

கேள்வி: ஆங்கிலத்தில் ‘ஹிஸ்டாரிக்’, ‘ஹிஸ்டாரிகல்’ இரண்டும் ஒன்றுதானே? எதை எங்கே போடுவது?
– வாசகி, சங்கராபுரம்

பதில்: அக்கா தங்கைதான். ஆனால் அக்காவுக்கு வந்த வரனைத் தங்கைக்குப் பேச முடியாது!

பழங்காலத்தோடு தொடர்புள்ள எதுவும் ஹிஸ்டாரிகல். வரலாற்றின் போக்கையே திருப்பியதுதான் ஹிஸ்டாரிக்.

வாசகியின் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே சான்றுகள் உண்டு. கல்வராயன் மலையில் ஜாகீர்தார்கள் தலைமுறை தலைமுறையாக வரி வாங்கினார்கள். சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டு கடந்தும் அந்த ஆட்சி மலையை விட்டு இறங்கவில்லை; 1976-ல்தான் மலை அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. மலைவாழ் மக்களின் வாழ்வைத் திருப்பிய அந்த ஆண்டு ஹிஸ்டாரிக். ஜாகீர் காலத்துப் பழைய ஆவணம் ஒன்று கிடைத்தால், அதில் வெறும் வரிக்கணக்கே இருந்தாலும், அது ஹிஸ்டாரிகல்.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019 நவம்பர் 26? ஹிஸ்டாரிக்.

சங்கப் புலவர் கபிலரைப் பற்றிப் பேசும் திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டு? ஹிஸ்டாரிகல் சான்று. ‘பொன்னியின் செல்வன்’ ஹிஸ்டாரிகல் நாவல். தமிழ் வாசிப்பையே அது மாற்றியது என்று வாதாடுகிறவர்கள் ஹிஸ்டாரிக் நாவல் என்றும் தாராளமாகச் சொல்லலாம்.