அட்டை உபாசகர்

அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தின் மீது மோகம் கொண்டோர் கோடிக்கணக்கானவர். அவர்களுள் ஆட்டத்தைக் கண்ணெடுத்துப் பாராமலே அதில் முக்தியடையத் துணிந்த ஒரு வர்க்கம் உண்டு. ஆட்டக்காரரின் படமும் அவர் கைப்பட இட்ட கையெழுத்தும் தாங்கிய, இரண்டரை அங்குல அகலமும் மூன்றரை அங்குல உயரமுமுள்ள அட்டையை ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, உறக்கமின்றிப் புரளும் கனவானையே சொல்கிறேன்.

அட்டையை அவர் விரலால் தீண்டமாட்டார். கொம்பால் எடுத்து உலர்த்தும் மடி வஸ்திரத்துக்குக்கூட அத்தனை ஆசாரம் கிடையாது. படம் நடுவே அமைந்திருக்கிறதா, முனை மழுங்கியிருக்கிறதா, விளிம்பு பிசிறியிருக்கிறதா, மேற்பரப்பில் கீறல் உண்டா என்று பரீட்சித்து, பத்துக்கு இத்தனை என்று மார்க்குப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தருவதற்கென்றே அங்கு ஸ்தாபனங்கள் இருக்கின்றன. அட்டைக்கு ஒரு மார்க்கு, கையெழுத்துக்கு வேறொரு மார்க்கு. மகன் கணக்கில் வாங்கிய மார்க்கு அவருக்கு நினைவிராது. அட்டை ஒன்பதரையோடு நின்றுவிட்ட துக்கமோ ஆறவே ஆறாது. மை அட்டையின் மீதே படிந்திருந்தால் உத்தமம். ஆட்டக்காரர் ஒட்டுத்தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்ததைக் கம்பெனியார் பிற்பாடு ஒட்டியிருந்தால் அதமம்.

போமன் என்ற பெயரில் 2009-இல் வெளியாகிய, அப்போது இளம் ஆட்டக்காரராயிருந்த மைக் டிரவுட்டின், உலகில் ஒன்றே ஒன்றான கையெழுத்து அட்டை 2020-இல் 39 லட்சத்து 36 ஆயிரம் டாலருக்கு ஏலம்போனதிலிருந்து, மீசை முளைக்காத இளம் ஆட்டக்காரர்களின் தேக ஆரோக்கியத்தில் நம் கனவானுக்கு அபாரமான சிரத்தை பிறந்துவிட்டது. பந்து வீசும் பிள்ளை முழங்கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைவிட்டு வெளியேறினால், ஊரார் ஆட்டம் போயிற்றே என்று வருந்துவர். இவர் விலை போயிற்றே என்று விசனப்படுவார்.

1990-களில் போலிக் கையெழுத்துக் கும்பல்களை எஃப்.பி.ஐ. துப்புத் துலக்கிய கதை அவருக்கு மனப்பாடம். ஆகையால் அத்தாட்சிப் பத்திரம் ஒன்றைத் தவிர வேறெதையும் நம்பமாட்டார். அவர் பூஜிக்கும் ஆட்டக்காரரே ஒருநாள் எதிர்ப்பட்டு, பேனாவைத் திறந்து, “அட்டையைக் கொடுங்கள், கையெழுத்திடுகிறேன்” என்று பிரியமாகக் கேட்டாலும், நம் கனவான் இரண்டடி பின்வாங்கி, “க்ஷமிக்க வேண்டும், இது தங்கள் கையெழுத்துத்தான் என்பதற்கு யாராவது அத்தாட்சி தருவார்களா?” என்றுதான் விசாரிப்பார்.