யாருக்கும் தெரியாத ஊருக்குப் போன மேதாவி

ஸ்பெயினுக்குப் போனேன் என்று ஆரம்பித்தாலே போதும், எதிரே இருப்பவர் போனை எடுத்து பார்சிலோனா போட்டோக்களைக் காட்ட ஆரம்பித்துவிடுகிறார். அப்படி யாரும் காட்ட முடியாத ஊராகத் தேடிப் பிடித்ததுதான் தெருவெல். அரகோன் பகுதியில் ஒரு மாகாணத் தலைநகர். ஜனத்தொகை 36 ஆயிரம் சொச்சம். கூட்டம் போகாத இடத்துக்குப் போனால் அறிவாளி என்று நினைக்கும் வியாதி உங்களுக்கும் இருந்தால், மேலே படியுங்கள். மருந்து கிடையாது, துணை உண்டு.

ஐரோப்பாவிலேயே நீளமான அதிவேக ரயில் பாதை ஸ்பெயினில்தான் இருக்கிறது. மாட்ரிட்டில் ஏறினால் ஒரு தூக்கத்தில் தெருவெல் என்று கணக்குப் போட்டேன். மாட்ரிட்டிலிருந்து அந்த ஊருக்கு நேரடி ரயிலே கிடையாது. ஸராகோஸா வரை பறந்து வந்து மிச்சம் பிடித்த நேரத்தை, அங்கே மாறி ஏறிய வண்டி வட்டியோடு வசூலித்துக்கொண்டது.

ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே. நடுவில் 1921-இல் கட்டி முடித்த பிரம்மாண்டமான செங்கல் படிக்கட்டு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்கும்போதெல்லாம் சிற்பத்தை ரசிப்பது போல நடித்துக்கொண்டே ஏறினேன். உச்சியில் ஒரு பாட்டி காய்கறிப் பையோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்தார். கீழேயே அதற்கு வாசல் இருந்திருக்கிறது.

ஸ்பெயின் என்றால் வெயில் என்று சன் ஸ்க்ரீன், கூலிங் கிளாஸ் சகிதம் ஜனவரியில் போயிருந்தேன். தெருவெல் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. 1937 டிசம்பரில் அங்கே தொடங்கிய உள்நாட்டுப் போர்ச் சண்டையில், குண்டுக்குத் தப்பிய பலரைக் குளிர் விடவில்லை. இந்த வரலாற்றை நான் படித்தது ஹோட்டல் கம்பளிக்குள் இருந்து.

தெருவெல்லின் பெருமை முதேஹர் கோபுரங்கள். செங்கல்லுக்கு நடுவே பச்சையும் வெள்ளையுமாக ஓடுகள் மினுக்கும். 1986-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியவை. சான் மார்த்தின் கோபுரத்தடியில் நின்று, பக்கத்திலிருந்த பயணியிடம் மசூதிக் கட்டடக்கலை பற்றி நீளமாக விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, அது சர்ச்சின் மணிக்கூண்டு என்றார். கிறிஸ்தவ ஆட்சியில் முஸ்லிம் பாணி கலந்து உருவானதுதான் முதேஹர். பாதி சரி என்று எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேன்.

ஊரின் நடுச் சதுக்கத்துக்குக் காளையின் பெயர். ஸ்பெயின் காளை எப்படி இருக்கும் என்று மனதுக்குள் ஓர் உருவம் இருந்ததால், சதுக்கம் முழுக்கச் சுற்றியும் கண்ணில் படவில்லை. உயரமான தூணின் உச்சியில் பூனை அளவுக்கு நின்றிருந்தது. 2022-இல் தூணோடு கீழே விழுந்து உடைந்து, சரிசெய்து மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். நான் எடுத்த செல்ஃபியில் தூண் பிரமாதமாக விழுந்திருக்கிறது. காளை இல்லை.

அடுத்து காதலர் சமாதி. ஊர்க் கதைப்படி, இசபெல்லைக் கல்யாணம் செய்ய ஏழை தியேகோவுக்குப் பணம் சேர்க்க ஐந்து வருடம் கெடு. சேர்த்துக்கொண்டு வருவதற்குள் கெடு முடிந்து இசபெல்லுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. ஒரு முத்தம் கேட்டான், மறுத்தாள், செத்தான். மறுநாள் இறுதிச் சடங்கில் முத்தமிட்டு அவளும் விழுந்தாள். ஹுவான் தே ஆவாலோஸ் செதுக்கிய சிலைகளில் இரு கைகளும் நெருங்கி வந்தும் தொடாமல் நிற்கும் என்று படித்திருந்தேன். பார்க்கப் போனால் கதவு சாத்தியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரமாம். கொஞ்சம் லேட்டானதற்கு தியேகோவுக்குச் சிலை வைத்தார்கள், எனக்குப் பூட்டைக் காட்டினார்கள்.

வந்த வழியே திரும்புவதை நினைத்தாலே இடுப்பு வலித்தது. ஊருக்கு ஏர்போர்ட் இருப்பதாக மேப் சொன்னதும் துள்ளிக் குதித்தேன். அங்கே பெரிய பெரிய விமானங்கள் நிஜமாகவே நிற்கின்றன. வேலை இல்லாத விமானங்களை நிறுத்தவும், பழுது பார்க்கவும், பிரித்துப் போடவுமான இடம் அது. டிக்கெட் வாங்கி ஏறுகிற ஆசாமிக்கு அங்கே வேலையே இல்லை.

கடைசி ராத்திரி. ஏழு மணிக்கே சாப்பிட உட்கார்ந்து, ஒன்பது மணிக்கு அடுப்பு பற்றவைக்கும் வரை உத்தரத்தில் தொங்கிய பன்றித் தொடைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். தெருவெல்லில் அதற்கு ஏக மவுசு. பொழுது போகாமல், கடைக்காரரைப் பாராட்டுவதாக நினைத்து, போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன்: "உங்கள் ஊருக்கு யாருமே வருவதில்லை. அதனால்தான் நான் வந்தேன்!"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் சுவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் காட்டினார். 'தெருவெல் இருக்கிறது' என்று எழுதியிருந்தது. ரயில் சரியில்லை, ரோடு சரியில்லை, இளைஞர்கள் வெளியேறுகிறார்கள் என்று 1999-இல் ஊரே தொடங்கிய இயக்கம் அது. 2019 தேர்தலில் நின்று நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் பிடித்தது. 2020 ஜனவரியில் பெத்ரோ சாஞ்செஸ் 167-க்கு 165 என்ற ஓட்டுக் கணக்கில் மறுபடி பிரதமரானபோது, அந்த 167-இல் ஒன்று இவர்களுடையது.

இதையெல்லாம் போனில் படித்துவிட்டு நான் தலை நிமிர்வதற்குள் பில் வந்துவிட்டது. அந்த ஊரில் எனக்குச் சீக்கிரமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.