விலைச்சீட்டு படிக்காத முள்

மலைப்பாதை ஓட்டக் காலணியின் அடியில் நான்கைந்து மில்லிமீட்டர் பற்கள் இருக்கும். சேற்றைக் கவ்வத்தான் அவை. நாமக்கல் சமவெளியிலோ ஆண்டில் பெரும்பகுதி சேறே கிடையாது. காய்ந்த செம்மண், சுக்கான் கல், போதாததற்குச் சீமைக் கருவேல முள். பற்களுக்கிடையே ரப்பர் மெலிந்த இடமாகப் பார்த்து அது ஏறும். விலைச்சீட்டைப் படித்துவிட்டு ஒதுங்கும் வழக்கம் அதற்கில்லை. லாரி கழித்துப்போட்ட டயரை அறுத்துத் தைத்த செருப்பிடம் அந்தப் பாச்சா அவ்வளவாகப் பலிக்காது. அதைப் போட்டுக்கொண்டு ஓட முடியுமா என்பார்கள். 1993இல் அமெரிக்காவின் லெட்வில் 100 மைல் மலை ஓட்டத்தில் முதலில் வந்த மெக்சிகோவின் ராராமுரிப் பழங்குடிக்காரர் விக்டோரியானோ சுரோவுக்கு வயது 55. காலில் டயர் செருப்பு. ஈரப்பாறையில் வழுக்குமே என்றால், நியாயம்தான். கொல்லிமலை அருவிப் பக்கம் ஓடுகிறவர்கள் தாராளமாகக் காலணி வாங்கலாம். சேந்தமங்கலத்து வரப்பில் ஓடுகிறவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.