பாஸ்த்ரூப் பண்டிதர்

லினக்ஸ் இயங்கும் கணினி ஒன்றுக்குள் மென்பொருளால் மட்டுமே ஆன இன்னொரு கணினியை உருவாக்கி, அதில் விண்டோஸை நிறுவி, வெளிக்கணினியின் உறுப்புகளில் ஒன்றைக் கழற்றாமலேயே கழற்றி உள்கணினியிடம் ஒப்படைப்பதைத் தம் ஓய்வுநேரத்தின் முழுப்பயனாகக் கொண்டவரைப் பாஸ்த்ரூப் பண்டிதர் என்று வகைப்படுத்தலாம். வெளியே இருப்பதை ஹோஸ்ட் என்றும் உள்ளே இருப்பதை கெஸ்ட் என்றும் இத்துறையினர் அழைப்பர்; கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு போன்ற ஒரு சாதனத்திலிருந்து ஹோஸ்ட் தன் கையை முற்றிலும் எடுத்துக்கொண்டு, அதை கெஸ்ட்டின் நேரடிப் பொறுப்பில் விடுவதே பாஸ்த்ரூ. இது எதற்கு என்று கேட்பவருக்குப் பண்டிதரிடம் ஆயத்தமான விடை உண்டு: லினக்ஸில் ஓடாத ஒரு விளையாட்டை, லினக்ஸை விட்டு வெளியேறாமலே, முழு வேகத்தில் ஆட வேண்டும். அந்த விளையாட்டின் பெயரைக் கேட்டால் மட்டும் சற்று யோசிப்பார்.

அவருடைய வரலாற்றறிவில் குறைகாண இயலாது. பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமு என்னும் மென்பொருள் ஒரு முழுக்கணினியின் உறுப்புகளைப் போலச்செய்து காட்டியதையும், அவி கிவிட்டி எழுதத் தொடங்கிய கேவிஎம் என்னும் பகுதி 2007 பிப்ரவரியில் வெளியான 2.6.20 லினக்ஸ் கர்னலில் இடம்பெற்றதையும், அதை வளர்த்த கும்ரானெட் என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை 2008இல் ரெட் ஹேட் வாங்கியதையும், சாதனங்களைப் பாதுகாப்பாக கெஸ்ட்டிடம் ஒப்படைக்கும் விஎஃப்ஐஓ என்னும் ஏற்பாடு 2012இல் 3.6 கர்னலுடன் வந்ததையும், திருமணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்தை முடிப்பதற்குள் அவர் சொல்லி முடித்துவிடுவார். கர்னல் என்பது வன்பொருளுக்கும் பிற மென்பொருள்களுக்கும் நடுவே நின்று பங்கீடு செய்யும் அடிப்படை நிரல் என்பதும் அந்த இலைக்காரருக்கு விளக்கப்படும். மோர் வரும்வரை அவரும் எழுந்து போக முடியாது.

தொடக்கநிலைக் கோளாறுகளைப் பண்டிதர் மதிப்பதில்லை. விண்டோஸை நிறுவும்போது டிஸ்க்கே தென்படவில்லை என்று ஒருவர் பதறி வந்தால், மெய்நிகர்க் கணினிகளுக்கென்றே வகுக்கப்பட்ட விர்ட்ஐஓ வகை டிஸ்க்குக்கு உரிய டிரைவர் விண்டோஸின் நிறுவல் கோப்பில் இல்லை என்றும், அதைத் தனி ஐஎஸ்ஓ கோப்பாக இணைத்து எடுத்துக்காட்ட வேண்டும் என்றும் ஒரே மூச்சில் சொல்லி அனுப்பிவிடுவார். கேவிஎம்மைத் திறக்க அனுமதி இல்லை என்று திரையில் வந்தால், பயனரை அதற்குரிய குழுவில் சேர்த்துவிட்டு, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையச் சொல்வார். பயாஸில் மெய்நிகர் வசதி அணைக்கப்பட்டிருப்பதால் வரும் கோளாறைக் கோளாறாகவே எண்ணமாட்டார். பயாஸ் என்பது கணினி விழித்தவுடன் முதலில் இயங்கும் நிரல். அங்கே போய்ப் பார்க்கச் சொல்வது தம்மைப் போன்றவருக்கு இழுக்கு என்பது அவருடைய கருத்து. இக்கருத்தின் விளைவு பின்னர் வரும்.

அவருடைய மெய்யான களம் ஐஓஎம்எம்யூ குழுக்களில் தொடங்குகிறது. கிராஃபிக்ஸ் கார்டு போன்ற சாதனங்கள் செயலியை ஒவ்வொருமுறையும் கேட்காமலே நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் வல்லவை. கெஸ்ட்டிடம் தரப்பட்ட சாதனம் ஹோஸ்ட்டின் நினைவகத்தில் கைவைத்துவிடாதபடி காவல் நிற்கும் வன்பொருளே ஐஓஎம்எம்யூ, இதை இன்டெல் விடி-டி என்ற பெயரிலும் ஏஎம்டி ஏஎம்டி-விஐ என்ற பெயரிலும் வழங்குகின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைத் தனிமைப்படுத்த இயலாத சாதனங்களை இக்காவல் ஒரே குழுவாகவே எண்ணும். ஒரே ரேஷன் கார்டில் பெயர் உள்ளவர்களைப் போல, ஒருவர் மட்டும் தனியே பெயர்ந்து போக வழியில்லை. கிராஃபிக்ஸ் கார்டைக் கொடு என்று பண்டிதர் கேட்டால், அதன் ஒலிப்பகுதியும், அதே குழுவில் விழுந்துவிட்ட யூஎஸ்பி கட்டுப்படுத்தியும், சில மதர்போர்டுகளில் ஹோஸ்ட்டுக்கு இணையம் தரும் நெட்வொர்க் கார்டும் சேர்ந்தே வாசலில் வந்து நிற்கும். இதனால் மதர்போர்டு வாங்கப் போகும் பண்டிதர் விலையையும் உத்தரவாதத்தையும் விட்டுவிட்டு, எந்தச் சாதனம் எந்தக் குழுவில் விழுகிறது என்று விசாரிப்பார். கடைக்காரர் அந்தக் கேள்வியை வாழ்நாளில் முதன்முறையாகக் கேட்பார். குழுவை வலிந்து உடைக்க ஏசிஎஸ் ஓவர்ரைடு என்றொரு திருத்தம் உண்டு. வன்பொருள் உறுதிசொல்லாத தனிமையை, சொன்னதாகவே வைத்துக்கொள் என்று கர்னலை நம்பவைப்பதே அதன் வேலையாதலால், அதிகாரபூர்வக் கர்னலில் அது சேர்க்கப்படவில்லை. அதன் பாதுகாப்புக் கேடுகளைப் பண்டிதரைப் போல விரிவாக எடுத்துரைப்பவர் எவருமில்லை. அவர் அந்தச் சொற்பொழிவை ஆற்றுவது அத்திருத்தம் பொருத்தப்பட்ட கணினியின் முன் அமர்ந்துதான்.

இவ்வகையினரின் ஆழ்மனத்தை அறிய விரும்புவோர் பிழை எண் 43 பற்றிப் படிக்க வேண்டும். என்விடியாவின் ஜீஃபோர்ஸ் டிரைவர், தான் மெய்நிகர்க் கணினிக்குள் இருப்பதை மோப்பம் பிடித்துவிட்டால் வேலைசெய்ய மறுத்த காலம் ஒன்று இருந்தது. விண்டோஸின் சாதனப் பட்டியலில் மஞ்சள் முக்கோணத்துடன் 43 என்ற எண் மட்டும் தோன்றும். மோப்பம் பிடிப்பதும் கடினமன்று, ஏனெனில் கீழே இயங்குவது யார் என்று கெஸ்ட் கேட்டால், கேவிஎம் தன் பெயரை இடைவெளியின்றி மூன்றுமுறை சொல்லும் இயல்புடையது. எனவே அந்தப் பெயரை மறைக்க ஒரு வரியும், அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு எழுத்துகளுக்கு மிகாத ஏதேனும் ஒரு போலிப்பெயரை வைக்க ஒரு வரியும், மெய்நிகர்க் கணினியை விவரிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதப்பட்டன. 2021இல் என்விடியா தன் டிரைவரில் இத்தடையை நீக்கிவிட்டது. ஆனால் பண்டிதரின் கோப்பில் அந்த வரிகள் இன்றும் நிற்கின்றன. புது வண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பவரிடம் காரணகாரியம் கேட்டு வாதாடும் அவரிடம், இந்த வரிகளை இனி எடுத்துவிடலாமே என்று சொன்னால், இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் என்ன கெடுதல் என்பார்.

இந்நிலைக்குக் காரணம் அறியாமையன்று, அவசரம். ஒரு கோளாறு எழுந்தால் பண்டிதர் கர்னலின் துவக்கக் கட்டளையில் ஒரு சொல்லைச் சேர்ப்பார், கோப்பில் மூன்று வரிகளை மாற்றுவார், டிரைவரைப் புதுப்பிப்பார், கார்டை வேறு துளையில் செருகுவார், இவை அனைத்தையும் ஒரே ரீபூட்டில் சோதிப்பார். கோளாறு தீர்ந்துவிட்டால் தீர்த்தது எது என்று எவருக்கும் தெரியாது. தெரியாததனால் எதையும் நீக்க அஞ்சுவார். நீக்காததனால் கோப்பு வளரும்.

ஏஎம்டி கார்டு வைத்திருக்கும் கிளையினரின் துன்பம் வேறு வகையானது. கெஸ்ட்டை அணைத்தபின் சாதனம் தன்னைத் தொடக்கநிலைக்கு மீட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு ரீசெட் என்று பெயர். சில பழைய ஏஎம்டி கார்டுகள் இதைச் சரிவரச் செய்யாமல் அப்படியே உறைந்துவிடும். மறுமுறை கெஸ்ட்டைத் தொடங்கினால், அறியப்படாத பிசிஐ தலைப்பு வகை 127 என்று ஹோஸ்ட் முறையிடும். இந்த 127 எதைக் குறிக்கும் என்று ஆராய்வோர் பலர். உண்மையில் அது எதையும் குறிப்பதில்லை: பேசாத சாதனத்தைப் படித்தால் எல்லாப் பிட்டுகளும் ஒன்று என்றே வரும், தலைப்பு வகைக்கு உரிய ஏழு பிட்டுகளும் ஒன்றானால் கிடைக்கும் எண் 127. மௌனத்தைப் பதிலென்று பதிவு செய்யும் இவ்வழக்கம் அலுவலகங்களிலும் காணப்படுவதே. இதற்கு மருந்தாக வெண்டர்-ரீசெட் என்னும் தனிக் கர்னல் பகுதி உண்டு. அதுவும் பலிக்காவிடில் ஹோஸ்ட்டையே அணைத்து எழுப்ப வேண்டும். விண்டோஸுக்காக லினக்ஸை ரீபூட் செய்ய நேர்வதைத் தவிர்ப்பதற்கே இந்த ஏற்பாடு முழுவதும் செய்யப்பட்டது என்பதை அவ்வேளையில் அவருக்கு நினைவூட்டுவது நாகரிகமன்று.

ஒரே கிராஃபிக்ஸ் கார்டு உள்ள வீட்டில் இவரோடு வாழ்வோரும் சிறிது பயிற்சி பெறவேண்டியிருக்கிறது. அந்த ஒரு கார்டையும் கெஸ்ட்டுக்குக் கொடுத்துவிட்டால் ஹோஸ்ட்டுக்குத் திரையே இராது. கெஸ்ட்டும் படம் காட்டாவிட்டால், விசிறி சுழலும் ஒரு கறுப்புப் பெட்டியின் முன் பண்டிதர் அமர்ந்து, கைப்பேசியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்னும் தொலைக்கட்டளை வழியாக, ஓரடி தொலைவிலுள்ள தம் கணினியை எட்டிக்கொண்டிருப்பார். மின்கட்டணம் கட்ட வந்த மனைவி, என்னங்க, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா என்று கேட்டால், இல்லை, ஹோஸ்ட் நல்லாத்தான் ஓடுது என்று அவர் சொல்லும் விடை தொழில்நுட்ப நோக்கில் முற்றிலும் சரியானது.

பெரும்பாலான கோளாறுகளின் மூலம் மிகச் சிறியது. புதிய எஸ்எஸ்டி ஒன்றைச் செருகினால் பிசிஐ முகவரிகள், அதாவது ஒவ்வொரு சாதனத்துக்கும் கணினி தரும் இருப்பிட எண்கள், ஓரெண் தள்ளிப்போகக்கூடும். கோப்போ பழைய முகவரியையே பற்றிக்கொண்டு, கிராஃபிக்ஸ் கார்டு என்று எண்ணி ஹோஸ்ட்டின் நெட்வொர்க் கார்டைப் பிடுங்கி கெஸ்ட்டிடம் தந்துவிடும். பயாஸைப் புதுப்பித்தால் அதன் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி விடி-டி அணைந்துபோவதும் உண்டு. அப்போது பண்டிதர் கர்னலின் பதிவேட்டை முதல் வரியிலிருந்து படிப்பார், கர்னலைப் பழைய பதிப்புக்கு இறக்குவார், கோப்பில் மேலும் நான்கு வரிகள் சேர்ப்பார். பயாஸுக்குள் மட்டும் போகமாட்டார், அது தொடக்கநிலையினரின் கோளாறல்லவா. இறுதியில் வேறு காரணத்துக்காக அங்கே போய், கண்டு, இயக்கிவிட்டு வந்தபின்னும், அந்த நான்கு வரிகள் கோப்பில் தங்கிவிடும்.

பண்டிதர் தாராள மனமுடையவர். கேட்பவருக்கெல்லாம் தம் கோப்பைக் கொடுப்பார். பெற்றுக்கொள்பவர்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு வரியும் எந்தக் கோளாறுக்காக எழுதப்பட்டது என்று அவரையே கேட்டு, விடை வராத வரிகளை ஒரு ரீபூட்டுக்கு ஒன்றாக நீக்கிப் பார்க்க வேண்டும். பிசிஐ முகவரியைத் தத்தம் கணினிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும், எல்லாவற்றுக்கும் முன்பாக பயாஸை ஒருமுறை திறந்து பார்க்கவும் மறக்க வேண்டாம்.