உலாவிகளின் மெய்க்கீர்த்தி

போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் கிடந்த பனியைத் தள்ளிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தபோது தொலைபேசி அடித்தது. ஸ்காபரோவிலிருந்து மச்சான்.

"என்ன மச்சான், உலா போட்டிட்டீரோ?"

வெளியே மைனஸ் 18. யூனியன்வில் டூகுட் குளம் கல்லாகிக் கிடக்கிறது. இந்தக் குளிருக்குள் உலாப் போகச் சொல்கிறாரா என்று யோசித்தேன்.

"எந்த உலா? ஒட்டக்கூத்தர் எழுதினதோ?"

"இது சோஹோக்காரர் எழுதினது. புது பிரவுசர். பேரே தமிழ். நாங்களே போடாட்டில் வேற ஆர் போடுறது?"

மச்சான் இப்படித்தான். தமிழ்ப் பெயர் வைத்த கடையில் விலை கூடவென்றாலும் அங்கேதான் வாங்குவார். வாங்கிவிட்டு அடுத்த ஒரு மாதத்துக்குக் கடைக்காரரைத் திட்டுவார். நான் போட்டுப் பார்த்தேன்.

பெயர் உண்மையிலேயே தமிழ்தான். ஸ்ரீதர் வேம்புவின் சோஹோ 2023 மே மாதம் வெளியிட்ட உலாவிக்கு உலா என்று பெயர். இந்திய அரசு நடத்திய உள்நாட்டு உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் முதற்பரிசு, ஒரு கோடி ரூபாய். ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்று மூன்று தலைமுறைக்கு உலாப் பாடிய மனிதர். ஒரு கோடி என்றால் நாலாவது தலைமுறைக்கும் காத்திருந்திருப்பார்.

உலா இலக்கியம் எல்லாம் ஒரே கதைதான். அரசன் வீதியில் வருவான். ஏழு பருவத்துப் பெண்களும் ஓடிவந்து பார்த்து மயங்குவார்கள். அரசன் போய்விடுவான். இவ்வளவு நீளமாக இவ்வளவு கொஞ்சம் நடக்கிற இலக்கியம் தமிழில் வேறில்லை. கடைசிப் பருவம் பேரிளம்பெண். அதுவும் 40 வயதோடு சரி. என் மாமிக்கு 78. "எங்களுக்கு ஒண்டும் எழுதேல்லையோ அந்த மனுசன்?" என்று சோபாவிலிருந்து கேட்டார்.

சோஹோ உலாவுக்குப் பருவம் ஐந்து. வீட்டுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒன்று, பிறகு ஓப்பன் சீசன் என்று ஒன்று. விளம்பரக்காரர் நம் பின்னால் மோப்பம் பிடித்து வருவதைத் தடுப்பதுதான் உலாவின் பெருமை. ஓப்பன் சீசனில் மட்டும் காவலைத் தளர்த்திவிட்டிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேலைப் பருவம். அதைத் திறந்துவைத்து உள்ளே கிரிக்கெட் பார்த்தால், எட்டிப்பார்க்கும் மனைவிக்கு அரைச் செக்கன் மரியாதை வருகிறது.

மச்சானிடம் ஒரு விசயம் சொல்லவில்லை. உலாவின் அடியில் ஓடுவது குரோமியம், கூகிள் திறந்துவிட்ட மூலநிரல். அரசன் நம்மவன், கொடி நம்முடையது, தேர் கூகிளுடையது. வெட்கப்பட ஒன்றுமில்லை. மைக்ரோசொஃப்டின் எட்ஜ், ஒபேரா, பிரேவ், விவால்டி எல்லாருக்கும் அதே தேர்தான். ஆளுக்கொரு குடை, அவ்வளவே.

இந்த அரசர்களுக்கு மெய்க்கீர்த்தியும் உண்டு. உலாவி எந்தத் தளத்துக்குப் போனாலும் வாசலில் தான் யாரென்று சொல்லவேண்டும். குரோம் சொல்வது இது: நான் மொசில்லா 5.0, அப்பிள் வெப்கிட் 537.36, கேஎச்டிஎம்எல், கெக்கோ மாதிரி, குரோம், சஃபாரி 537.36. இத்தனை பேரில் குரோம் என்ற ஒன்றுதான் அதன் சொந்தப் பெயர். மற்றவை பக்கத்து வீட்டுக்காரரின் பட்டங்கள். ஈழமும் கங்கையும் கடாரமும் கொண்டவன் என்று கல்லில் வெட்டிய சோழனாவது அங்கெல்லாம் படை அனுப்பினான்.

பொய் தொடங்கியது இப்படி. 1993இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் மார்க் அன்ட்ரீசனும் எரிக் பீனாவும் மொசைக் என்ற உலாவியைச் செய்தார்கள். அடுத்த வருடம் அன்ட்ரீசன் கலிபோர்னியாவுக்குப் போய், ஜிம் கிளார்க்கின் காசில் கம்பனி தொடங்கி, அதற்கும் மொசைக் என்றே பெயர் வைத்தார். பல்கலைக்கழகம் சத்தம் போட்டது. பெயர் நெட்ஸ்கேப் ஆனது. உலாவிக்கு வீட்டுக்குள் கூப்பிட்ட பெயர் மொசில்லா, அதாவது மொசைக்கைத் தின்ன வந்த கொட்சில்லா. பால் கொடுத்த வீட்டை விழுங்குவேன் என்று பெயரிலேயே எழுதிக்கொண்டு திரிந்த பிள்ளை.

அந்தப் பிள்ளை ஒரு பக்கத்தைச் சட்டம் சட்டமாகப் பிரித்துக் காட்டும் வித்தையைக் கற்றது. தளக்காரர் உடனே வாசலில் ஆள் போட்டார்கள். மொசில்லா என்றால் தலைவாழை இலை, மற்றவருக்குப் பழஞ்சோறு. 1995இல் மைக்ரோசொஃப்ட் தன் எக்ஸ்ப்ளோரரோடு வந்தது. அதற்கும் இலை வேண்டும். "நானும் மொசில்லாவோடு ஒத்துப்போகிறவன்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. பிறகு வந்தவர்கள் முன்னே போன எல்லாருடைய பெயரையும் சேர்த்து ஒப்பித்தார்கள்.

கனடாவுக்கு வந்த புதிதில் வேலைக்கு விண்ணப்பம் எழுதியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "கனேடிய அனுபவம் உண்டோ?" என்று கேட்பார்கள். மச்சான் ஒரு டோனட் கடையில் மூன்று நாள் நிலம் துடைத்ததை "உணவுத்துறை முகாமைத்துவம்" என்று எழுதினார். எங்கள் ஊரும் விலக்கில்லை. 2000இல் ஒளிபரப்பான கில்மோர் கேர்ள்ஸ் தொடரின் முதல் அத்தியாயத்தை யூனியன்வில்லில்தான் எடுத்தார்கள். கதைப்படி ஊர் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் இருக்கிறது. 1794இல் பெர்ட்சியோடு வந்திறங்கிய ஜெர்மன் குடியேறிகளின் ஊர், கமரா பார்த்ததும் கனெக்டிகட் ஆகிவிட்டது.

எக்ஸ்ப்ளோரருக்குச் சொந்தத் தேர் கிடையாது. மொசைக்கின் உரிமத்தை வைத்திருந்த ஸ்பைகிளாஸ் என்ற கம்பனியிடம் நிரலை வாங்கியது மைக்ரோசொஃப்ட். விற்பனையில் பங்கு தருவதாகப் பேச்சு. பிறகு எக்ஸ்ப்ளோரரைச் சும்மா கொடுத்தது. விற்பனை சைபர், பங்கும் சைபர். கடைசியில் 80 லட்சம் டொலரைக் கொடுத்து வாயை அடைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் குத்தகைத் தோட்டத்தில் இப்படிச் செய்திருந்தால் வேலிச்சண்டை மூன்று தலைமுறைக்கு ஓடியிருக்கும்.

1997 ஒக்டோபரில் எக்ஸ்ப்ளோரர் 4 வெளியானது. அன்று இரவு மைக்ரோசொஃப்ட்காரர் சிலர் ஆளுயரத்துக்கு மேலான நீல 'ஈ' எழுத்தொன்றை நெட்ஸ்கேப் அலுவலகப் புல்வெளியில் கொண்டுபோய் வைத்தார்கள். நெட்ஸ்கேப்காரர் அதைக் கவிழ்த்து, மேலே தங்கள் மொசில்லா பொம்மையை ஏற்றினார்கள். வளர்ந்த ஆட்கள். அடுத்த வருடமே நெட்ஸ்கேப் ஏஓஎல்லுக்கு விலைபோனது.

சரி, இந்தப் போரில் எங்கள் பக்கம் என்ன நடந்தது?

1999இல் எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு நான் ஓர் இணையப் பக்கம் செய்தேன். பத்துத் திருவிழா, பத்து உபயகாரர். தட்டச்சு மாமி. மாமி யாழ்ப்பாணக் கச்சேரியில் ரைப்பிஸ்டாக இருந்தவர். அந்தக் காலத்து பாமினி எழுத்துரு பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியை ஒட்டியது என்பதால் திரையைப் பாராமலே அடித்தார். பாமினியின் சூழ்ச்சி எளிமையானது. கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துத்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போடும். எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலையும். "அம்மா" என்று எழுதினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரும்.

அதனால் ஒவ்வொரு தளமும் "முதலில் எழுத்துருவை இறக்குங்கள்" என்று வாசலில் தட்டி கட்டியிருந்தது. ஒரு தளத்துக்கு ஓர் எழுத்துரு. ஒழுங்குபடுத்துவோம் என்று புறப்பட்டவர்கள் டிஸ்கி என்று ஒன்று செய்தார்கள். 1999 பெப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி டாம், டாப் என்று இரண்டு செய்தது. ஒன்றாக்கப் போய் மூன்றாயிற்று. இதற்கிடையில் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் வழி வந்தது. நெட்ஸ்கேப்புக்கு ஒருவகைக் கோப்பு, எக்ஸ்ப்ளோரருக்கு வேறுவகை. வள்ளிக்கு ஒன்று, தெய்வானைக்கு ஒன்று என்று இரண்டையும் செய்து வைத்துவிட்டு, எவள் கோபிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பக்கம் வெளியாகி மூன்றாம் நாள் ஆறாந் திருவிழா உபயகாரர் தொலைபேசியில் வந்தார். எனக்குப் பெரியய்யா முறை.

"தம்பி, என்ர பேர் இல்லை."

"இருக்கு பெரியய்யா. உங்கட பிரவுசரில எழுத்து உடையுது. வேற ஒண்டு போட்டுப் பாருங்கோ."

அன்று நான் சொன்ன அந்த ஒரு வசனத்தால் மார்க்கம் நகரத்தில் உலாவிகளை அதிகம் பரிசோதித்த ஓய்வூதியர் உருவானார்.

முதலில் நெட்ஸ்கேப். பேர் இல்லை. பிறகு எக்ஸ்ப்ளோரர். இல்லை. 2000 கடைசியில் நோர்வேக்காரரின் ஒபேரா காசில்லாமல் கிடைக்கத் தொடங்கியது, தலைமாட்டில் விளம்பரப் பட்டையோடு. பெரியய்யா அதையும் போட்டார். விளம்பரத்தில் ஆருடைய பேரோ இருக்கிறது, உபயம் கொடுத்த தன் பேர் இல்லை என்று குறைப்பட்டார். சுண்டெலியை இடமும் வலமும் இழுத்துப் பக்கம் புரட்டும் வசதி அதில் வந்தபோது மட்டும் கொஞ்சம் சந்தோசப்பட்டார். ஐயர் தீபம் காட்டுவதுபோல் இருக்கிறதாம்.

ஒபேராக்காரர் குறும்பர்கள். 2003இல் மைக்ரோசொஃப்டின் எம்எஸ்என் தளம் தங்கள் உலாவிக்கு மட்டும் கோணலான பக்கத்தை அனுப்புகிறது என்று கண்டுபிடித்து, அந்தத் தளத்தை மட்டும் குழறல் மொழியில் காட்டும் தனிப்பதிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். எங்களுக்கு அந்தப் பதிப்பு தேவைப்படவில்லை. தமிழ்ப் பக்கங்கள் அவர்கள் உதவி இல்லாமலே அப்படித்தான் தெரிந்தன. 2005இல் ஒபேரா 8 நாலு நாளில் பத்து லட்சம் தடவை இறக்கப்பட்டால் நோர்வேயிலிருந்து அமெரிக்காவுக்கு நீந்துவேன், வழியில் ஐஸ்லாந்தில் அம்மா வீட்டில் சூடாகச் சொக்கிளேற் குடிக்க மட்டும் நிற்பேன் என்று தலைவர் யோன் வொன் டெட்ஸ்னர் வாய்விட்டார். இறக்கிவிட்டார்கள். மனிதர் கடலில் இறங்கினார். துணைக்குப் படகில் வந்த மக்கள் தொடர்பு அதிகாரியின் காற்றுப் படகு ஓட்டையாகி, அவரைக் காப்பாற்றுவதற்காக நீச்சல் கைவிடப்பட்டது. சொக்கிளேற் மிச்சம்.

எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001இல். 7 வந்தது 2006இல். எதிரி இல்லையென்றதும் தூங்கிவிட்டது. கும்பகர்ணனுக்கு ஆறு மாதம் போதுமாக இருந்தது. அந்த இடைவெளியில் நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து ஒன்று எழுந்தது. சாம்பலிலிருந்து எழுந்ததால் ஃபீனிக்ஸ். அந்தப் பெயரில் வேறு கம்பனி இருந்தது. ஃபயர்பேர்ட் என்றார்கள். அந்தப் பெயரில் வேறு மென்பொருள் இருந்தது. மூன்றாம் தடவை பயர்பொக்ஸ். எங்கள் ஆட்களின் எண்சாத்திரக்காரர்கூட இரண்டு தடவையில் முடித்துவிடுவார். 2004 டிசம்பரில் நியூயோர்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம் போட்டு, காசு தந்த ஆயிரக்கணக்கானோரின் பெயர்களைப் பொடி எழுத்தில் அடித்தார்கள். வெளிச்சம் தெரியாமல் டியூப்லைட்டில் உபயகாரர் பெயர் எழுதுகிற கலை அமெரிக்காவிலும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. பெரியய்யாவிடம் சொன்னேன். "அங்கையாவது போட்டவங்கள்" என்றார்.

யூனிகோடு வந்தபின் எல்லாம் சரியாகும் என்றார்கள். வின்டோஸ் 2000 லதா என்ற எழுத்துருவோடு வந்தது. ஊர் முழுக்க லதாவைத் தேடியது. தேடிப் பிடித்துப் பழைய பக்கங்களை எல்லாம் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது, பயர்பொக்ஸுக்குத் தமிழோடு வேறொரு மனத்தாங்கல் என்று தெரிந்தது. பந்தியை இரு பக்கமும் நேராக்கினால் கொம்பும் காலும் உயிர் வேறு உடல் வேறாகப் பிரியும். கொழும்பு என்ற ஊர், நடுநடுவே உழுந்துவடைபோல் புள்ளிவட்டத்தோடு, குண்டு விழுந்த மாதிரிக் கிடக்கும். 2008 யூனில் பயர்பொக்ஸ் 3 வந்தபிறகுதான் கொம்பு வீடு திரும்பியது. அந்தப் பதிப்பை ஒரே நாளில் 80,02,530 தடவை இறக்கிக் கின்னஸில் ஏற்றினார்கள். அதில் ஒன்று பெரியய்யா. கைத்தொலைபேசிக்குத் தமிழ் தெரியாத நாட்களில் ஒபேரா மினியின் அமைப்புப் பக்கத்தில் ஓர் ஆம்-இல்லை கேள்வியை 'ஆம்' என்று மாற்றினால், சேவையகமே தமிழைப் படமாக்கி அனுப்பும். அந்த இரகசியம் அப்போது தமிழர்களிடையே மந்திரம்போல் காதோடு காதாகப் போனது. பெரியய்யாவுக்கு நான்தான் ஓதினேன்.

நான் செய்த பக்கமோ யூனிகோடுக்கு மாறவேயில்லை. பாமினியிலேயே கிடந்து, அதை வைத்திருந்த இலவசத் தளம் மூடியபோது செத்துப்போனது. கோப்பு மட்டும் என்னிடம் இருந்தது.

மச்சான் தொலைபேசியில் பேசிய அன்று மாலை, தமிழ்ப் பெயர் கொண்ட உலாவியின் தமிழ்ப் புலமையைச் சோதிப்போம் என்று அந்தக் கோப்பை உலாவில் திறந்தேன். கணினியில் பாமினி இல்லை. உலா என்ன செய்யும், பாவம். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். மகன் எட்டிப்பார்த்தான். "என்னப்பா, ஜிபிஎஸ் எண்டு தொடங்குது?"

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். மேசை விளிம்பில் பத்து விரலையும் வைத்தார். திரையைப் பார்த்தபடி விரல்களை மெதுவாக அசைத்தார். ஜி, பி, எஸ், அரைப்புள்ளி. வலக்கைச் சின்னவிரல் இரண்டு தடவை மேசையைத் தட்டியது.

"பிள்ளையார்" என்றார். பிறகு தடங்கலே இல்லை. முதலாந் திருவிழா, இரண்டாந் திருவிழா, உபயகாரர், அவர்களின் தகப்பன் பெயர், குறிச்சி. கச்சேரியில் கோப்பு வாசிக்கிற அதே குரல். ஐந்தாந் திருவிழா முடிந்தது. விரல் நின்றது. ஒருதரம் மேலே போய்த் திரும்பி வந்தது.

"தம்பி, அடுத்தது ஏழாந் திருவிழாவெல்லோ கிடக்கு."

"ஆறு?"

"விட்டிட்டன் போல கிடக்கு."

பெரியய்யாவுக்கு இப்போது 86 வயது. போன கிழமையும் ஏதோ ஓர் உலாவியின் பெயரைச் சொல்லி அது எப்படி என்று விசாரித்தவர். தொலைபேசியைக் கையில் எடுத்தேன்.

"சொல்லிப்போடவோ மாமி?"

மாமி கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார்.

"இப்ப என்னத்துக்கு? உலாவையும் ஒருக்காப் போட்டுப் பாக்கச் சொல்லுங்கோ."