முப்பது குதிரைச் சாமியார்

ஏலாக்குறிச்சிக்கு வீரமாமுனிவர் சூட்டிய பெயர் திருக்காவலூர். அடைக்கல மாதா காவலிருக்கும் ஊர். அந்தக் காவல் போதாதென்று மனுஷன் சந்தா சாகிபின் வாசலில் போய் நின்றாராம். 1736இல் ராணி மீனாட்சியை ஏமாற்றித் திருச்சிக் கோட்டையைச் சுருட்டிக்கொண்ட அதே சாகிபுதான்.

இதைச் சொல்பவர் முத்துசாமிப் பிள்ளை. முனிவர் கண்ணை மூடி 75 வருஷம் கழித்து, 1822இல் அவருடைய வரலாற்றை எழுதியவர். சாகிபின் பேட்டிக்காக முனிவர் மூன்றே மாதத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்தாராம். (முப்பது நாளில் இந்தி கற்கும் புத்தகத்தை நாம் முப்பது வருஷமாகப் பரணில் வைத்திருக்கிறோம்.) சாகிபு சொக்கிப்போய்த் திவான் உத்தியோகமும், வருஷம் 12,000 ரூபாய் வரும்படியுள்ள நாலு கிராமமும் கொடுத்தாராம்.

அப்புறம் ஊர்வலம். முப்பது குதிரைவீரர், பன்னிரண்டு கொடிக்காரர், வெள்ளித்தடி பிடித்த நாலு சேவகர், குதிரைமேல் ஒரு எக்காளம், ஒட்டகத்தின்மேல் பேரிகை. நடுவே ஏழ்மை விரதம் பூண்ட இயேசு சபைத் துறவி, காதில் கடுக்கனோடு! திவான் கதையை அந்தச் சபையின் வரலாற்றாசிரியர்களே பலர் நம்பவில்லை.

படம் எழுதுகிறவருக்கு அதெல்லாம் எதற்கு? முனிவர் திவான் உத்தியோகம் பார்த்தாரோ இல்லையோ, ஆளுடைய உருவமே மாறிவிட்டது. இத்தாலியின் காஸ்திலியோனேயில் 1680இல் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி என்ற நம் முனிவர், குல்லாயும் நீளங்கியும் தாடியுமாக அரைத் திவானாய் நம் பாடப்புத்தகத்தில் உட்கார்ந்துவிட்டார்.

குறை சொல்ல அவருக்கு வாய் கிடையாது. கோணாங்குப்பத்தில் மரியாளுக்குச் சேலை உடுத்திப் படம் எழுதச் சொல்லி, அதை மணிலாவுக்கு அனுப்பிச் சிலை செய்து வரவழைத்தவர் என்பது அந்த வட்டாரத்து வழக்கு. மாதாவுக்கு அவர் தமிழச்சி கோலம் போட்டார். அவருக்கு நாம் நவாப் கோலம் போட்டோம். கணக்கு நேர்.

1741இல் மராட்டிய ரகோஜி போன்ஸ்லே திருச்சியைப் பிடித்துச் சாகிபைச் சதாராவுக்குக் கட்டி இழுத்துப் போனார். முனிவர் கேரளத்து அம்பழக்காட்டில் 1747இல் காலமானார். பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று காசு கொடுத்து வாங்கிய பரமார்த்த குருவின் சீடர்களை நமக்குக் கொடுத்தவர் அவர். அவருக்கே முப்பது குதிரை கொடுத்திருக்கிறார் பிள்ளை. எத்தனை முட்டையில் பொரித்தவையோ!